டெங்கு வைரசும் கொழும்பு மாநகரும்

அரசர் பிறப்பும் இறப்பும், போரும் உடன்படிக்கையுமே வரலாறு எனக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. அக்காலம் கழிந்துவிட்டது. மக்கள் எதனை உண்டனர், எத்தொழிலைச் செய்தனர், எந்நோயால் வருந்தினர் என்பனவும் வரலாற்றாசிரியன் ஆராய வேண்டிய பொருள்களேயாம். இலங்கையில் 1934ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1935 வரை நிலவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. அந்நோயை ஒழிக்கும் பெருமுயற்சி எட்டுத் தசாப்தங்கள் நீடித்து, 2016ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழோடு நிறைவெய்தியது. ஆயின், ஒருவகை நுளம்பு தந்த நோயினின்று நாடு விடுபட்ட அதே காலத்தில், வேறொருவகை நுளம்பு தந்த நோய் தலைநகரைப் பற்றிக்கொண்டிருந்தது. அதுவே டெங்குக் காய்ச்சல்.

நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அது தணியும் வழியையும் தேர்ந்த பின்னரே சிகிச்சை செய்தல் வேண்டுமென வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வற்புறுத்தினார். நோயின் காரணத்தை நாடுதல் எத்துணை நீண்ட வேலை என்பதற்கு டெங்கு ஆராய்ச்சியின் வரலாறு தக்க சான்றாகும். இவ்வரலாற்றில் கொழும்புக்குத் தனியான ஓர் இடமுண்டு. 1989ஆம் ஆண்டுவரை இந்நகரில் பெரும்பாலும் உயிர்ச்சேதமின்றி வந்து போன காய்ச்சல், அவ்வாண்டில் திடீரெனக் கொடிய நோயாக மாறியது. அது ஏன் அவ்வாறு மாறியது என்னும் வினாவும், அவ்வினாவுக்கு விடை காண அறிஞர் மேற்கொண்ட முயற்சியுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஒரு வீதியும் மூன்று இடங்களும்

கொழும்பின் வடகிழக்கு எல்லையில், களனி கங்கைக்கு அணித்தாக உள்ளது ஒருகொடவத்தை. பண்டகசாலைகளும், தொழிற்சாலைகளும், நெருங்கிய சிறு குடியிருப்புகளும் நிறைந்த தாழ்நிலம் அது. அங்குள்ள சந்தியிலிருந்து பேஸ்லைன் வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் தெமட்டகொடையைக் கடந்து பொரளையை அடைவர். அவ்வீதியின் ஓரத்திலேதான் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. ஒருகொடவத்தையிலிருந்து கிழக்கே சென்றால், தலைமுறை தலைமுறையாகத் தொற்றுநோயாளரை ஏற்றுவந்த அங்கொடை வைத்தியசாலை உள்ளது. அருகே கொலன்னாவைப் பகுதியில், நகரத்துக் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டு மலையாக எழுந்த மீதொட்டமுல்லை உள்ளது. ஆராயும் இடம், நோயாளரைப் பேணும் இடம், நகரம் தன் கழிவை எறியும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சில மைல்களுக்குள் அமைந்திருத்தல் கருதத்தக்கது. டெங்குவின் வரலாறு இம்மூன்றினிடையே நிகழ்ந்த வரலாறேயாகும்.

கண்ணுக்குப் புலனாகாத பகை

வைரசு என்பது பற்றீரியாவினும் மிகச் சிறியது. தானே தனித்துப் பெருகும் ஆற்றலில்லாதது. உயிருள்ள கலமொன்றினுள்ளே புகுந்து, அக்கலத்தின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்வது. 1892ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலையின் சாற்றைப் பற்றீரியா புகமுடியாத நுண்வடிகளால் வடித்த பின்னரும் அச்சாறு நோய் விளைத்ததைக் கண்டார். 1898இல் ஒல்லாந்த அறிஞர் பெய்யரிங்க், இது பற்றீரியாவன்று, வேறொரு புதுவகைப் பொருள் எனத் துணிந்தார். அடுத்த சில ஆண்டுகளில், கியூபாவில் வால்டர் ரீட் தலைமையில் ஆராய்ந்த குழுவினர், மஞ்சட் காய்ச்சல் நுளம்பினாற் பரவுவதையும், அதன் காரணி நுண்வடியைக் கடந்து செல்வதையும் நிறுவினர். மனிதனைத் தாக்கும் நோயொன்று வைரசினால் விளைவது என்று முதன்முதல் அறியப்பட்டது இவ்வாறேயாம்.

டெங்கு, மஞ்சட் காய்ச்சலுக்கு உறவான நோய். இரண்டையும் பரப்புவது ஈடிசு எஜிப்தி என்னும் ஒரே இன நுளம்பாகும். 1906ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் பாங்க்ரொப்ற் என்பவர் இந்நுளம்புக்கும் டெங்குவுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினார். மறு ஆண்டு பிலிப்பைன்சில் ஆஷ்பேண், கிரெய்க் ஆகிய இருவரும் டெங்குவின் காரணியும் நுண்வடியைக் கடப்பது எனக் காட்டினர். எனினும் அவ்வைரசைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதற்கு மேலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற் சென்றன. இரண்டாம் உலகப் போரின்போது வெப்பநாடுகளிற் போரிட்ட படைவீரர் ஆயிரக்கணக்கில் இக்காய்ச்சலால் வீழ்ந்தனர். அந்நெருக்கடியே ஆராய்ச்சியை முடுக்கியது. 1943இல் நாகசாக்கியில் கிமுரா, ஹொத்தா என்போரும், அதனை அடுத்து அமெரிக்காவின் அல்பேட் சேபினும் இவ்வைரசைப் பிரித்தெடுத்தனர். டெங்கு வைரசு ஒன்றன்று, ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு எனச் சேபின் கண்டார். 1956இல் மணிலாவிலிருந்து மேலும் இரு வகைகள் கிடைத்தன. ஆகவே டெங்கு வைரசு நால்வகைத்து என்பது உறுதியாயிற்று.

இவ்வைரசின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் இருபதினாயிரத்தில் ஒரு பங்கு. அதன் பரம்பரைச் செய்தி முழுவதும் ஆர்.என்.ஏ எனப்படும் ஒரே இழையில், ஏறத்தாழப் பதினோராயிரம் எழுத்துகளில் அடங்கிவிடும். இக்கட்டுரையின் ஒரு பகுதியை அச்சிடுவதற்கு வேண்டிய எழுத்துகள் அவ்வளவே. அத்துணைச் சிறிய நூலே பெருநகரங்களை நடுங்கச் செய்கின்றது.

கொழும்பில் ஆய்வின் தொடக்கம்

பொரளை நிலையத்தின் வரலாறு 1900ஆம் ஆண்டில் பற்றீரியவியல் நிலையமாகத் தொடங்குகின்றது. 1903இல் அதன் பணிப்பாளராக வந்த இத்தாலியர் அல்டோ கஸ்தெல்லானி, 1905ஆம் ஆண்டில் பறங்கிப் புண்ணின் காரணியை இலங்கையிலேயே கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார். பிற்காலத்தில் மருத்துவ ஆராய்ச்சி நிலையமெனப் பெயர் பெற்ற அந்நிறுவனத்தில் வைரசுகளை ஆராயும் பிரிவும் வளர்ந்தது.

டெங்குவைப் போன்ற காய்ச்சல் இலங்கையில் நெடுங்காலமாகவே வழங்கியது. எலும்பு முறிந்தாற்போன்ற நோவும், கண்ணின் பின்னே குத்தும், மேலிற் சிவந்த தடிப்பும் மருத்துவர் அறிந்தனவே. ஆயின் குறிகளை மாத்திரம் கொண்டு காய்ச்சலின் காரணத்தைத் துணிதல் இயலாது. நோயாளியின் குருதியில் அவ்வைரசுக்கென்றே தோன்றிய பிறபொருளெதிரிகளைக் காட்டினாலன்றி ஐயம் நீங்காது. இலங்கையில் டெங்கு அவ்வாறு குருதிச் சோதனையால் உறுதிப்படுத்தப்பட்டது 1962ஆம் ஆண்டிலாகும். 1965 முதல் 1968 வரையான காலத்தில் நோய் நாடெங்கும் பரவியது. அப்போது குருதிப்பெருக்கோடு கூடிய கடுமையான வடிவமும் தலைகாட்டியது. அவ்வடிவத்தால் ஐம்பத்தொருவர் பீடிக்கப்பட்டனர். அவருள் பதினைவர் இறந்தனர். பின்னர் அக்கடுமை தணிந்தது. 1974ஆம் ஆண்டில் ஹேமன், ஆனந்தராஜா ஆகிய இருவரும், இலங்கையிற் குழந்தையொன்றின் குருதி நீர்ப்பாயத்திலிருந்து டெங்கு வைரசைப் பிரித்தெடுத்த செய்தியை இலங்கையின் மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டனர்.

இக்காலத்தில் கடலுக்கு அப்பாலும் இத்துறையில் அரிய பணிகள் நடைபெற்றன. தமிழ்நாட்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறிஞரான மையர்சும் கேரியும், ஒரே நோயாளியிடத்தில் டெங்கு வைரசும் சிக்குன்குனியா வைரசும் ஒருங்கே இருந்ததை 1967இல் அறிவித்தனர். அதே ஆண்டில் பூனா வைரசு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சிங் என்பவர், ஈடிசு நுளம்புகளின் குடம்பிகளைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் இடையறாது வளரும் கலங்களை உண்டாக்கினார். அதுவரை வைரசை வளர்ப்பதற்குப் பிறந்த சில நாள்களேயான சுண்டெலிக் குஞ்சுகளின் மூளை வேண்டியிருந்தது. அம்முறை மெதுவானது, பலகாற் பிழைத்தும் போவது. சிங் உண்டாக்கிய கலங்களும் அவற்றின் வழிவந்தனவும் பின்னர் உலகெங்கும் டெங்கு வைரசை வளர்க்கும் வயலாயின. பெரிய கண்டுபிடிப்புகளின் பின்னே இத்தகைய கருவிகளை ஆக்கித் தந்தோரின் பெயர் மறைந்துபோதல் விஞ்ஞான வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதாகும்.

இரண்டாம் முறை வரும் நோய்

ஒரு நோய் வந்து நீங்கினால் உடல் அதற்கெதிராக வலிமை பெறும் என்பது பொது விதி. அம்மை ஒருமுறை கண்டவனுக்கு மறுமுறை வருவதில்லை. டெங்குவிலோ இவ்விதி பாதியே உண்மையாகும். ஒருவகை வைரசால் நோயுற்றவன் அவ்வகைக்கு எதிரான காப்பை நெடுங்காலம் பெறுகின்றான். ஆயின் ஏனைய மூவகைகளுக்கும் எதிரான காப்பு சில திங்களில் மறைந்துவிடும். இதனினும் வியப்பானது யாதெனில், வேறொரு வகையால் இரண்டாம் முறை நோயுறுவோரிடத்தே கடுமையான வடிவம் மிகுதியாகத் தோன்றுவதாகும். 1960களில் பாங்கொக் நகரத்துக் குழந்தைகளை ஆராய்ந்த ஹோல்ஸ்டெட் என்னும் அமெரிக்க மருத்துவர் இதனை எடுத்துக்காட்டினார்.

காக்கவேண்டிய பிறபொருளெதிரியே கேடு செய்தல் எங்ஙனம்? இவ்வினாவின் விடையில் இலங்கையர் ஒருவரின் பங்குண்டு. 1949இற் பிறந்து, பேராதனையில் மருத்துவம் பயின்ற மலிக் பீரிஸ், மேற்படிப்புக்காக ஒக்ஸ்போட் சென்றார். அங்கு அவரும் அவர்தம் ஆசிரியர் போட்டர்பீல்டும் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். அந்நியப் பொருள்களை விழுங்கி அழிக்கும் வெண்கலங்களைப் போன்ற கலங்களில், டெங்கு வைரசின் இனத்தைச் சேர்ந்த வைரசுகள் பிறபொருளெதிரி சிறிதளவு இருக்கும்போது குறைவதற்கு மாறாகப் பெருகுவதை அவர்கள் காட்டினர். பிறபொருளெதிரி வைரசை இறுகப் பற்றி அடக்காது தளர்வாகப் பற்றினால், வெண்கலம் அவ்விரண்டையும் சேர்த்தே உள்ளிழுத்துவிடும். வாயிற் காவலனே பகைவனைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் சென்றதற்கு ஒப்பாகும் இது.

பீரிஸ் பின்னர் பேராதனைக்கு மீண்டு பணியாற்றினார். 1995இல் ஹொங்கொங் சென்றார். 2003ஆம் ஆண்டில் சார்ஸ் என்னும் புதுநோய் உலகை அச்சுறுத்தியபோது, அதன் காரணி ஒரு புதிய கொரோனா வைரசு என முதலிற் கண்டறிந்த குழுக்களுள் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. சிறிய நாடொன்றின் காய்ச்சல்களை ஆராய்ந்து பழகிய கண், உலகப் பெருநோயைக் காண்பதற்கும் பயன்பட்டது.

1989ஆம் ஆண்டின் புதிர்

1980 முதல் 1984 வரை கொழும்பில் டெங்கு பற்றிய முறையான ஆய்வொன்று நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர், மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் வைரசியல் அறிஞரும், பிற்காலத்தில் விஞ்ஞான தொழினுட்ப அமைச்சராக விளங்கியவருமான திஸ்ஸ விதாரண ஆவர். காய்ச்சலுக்குச் சிகிச்சை நாடி வந்தோரிடத்தே குருதி எடுக்கப்பட்டது. எத்தனை பேருக்கு டெங்கு, எவ்வகை வைரசு என்பன குறிக்கப்பட்டன. நால்வகை வைரசும் கொழும்பில் உலவுவது தெரியவந்தது. மக்கள் மீண்டும் மீண்டும் நோயுற்றனர். எனினும் கடுமையான வடிவம் அரிதாகவே காணப்பட்டது.

அக்காலத்தில் இவ்வாய்வைப் பெரிதெனக் கொண்டாடியோர் சிலரே. இறப்புகள் இல்லாத நோயைப் பற்றி எவர் கவலைகொள்வர்? குருதியைச் சேர்த்தலும், வைரசை வளர்த்தலும், சிறு குப்பிகளில் உறையவைத்துப் பேணலும், ஏட்டிற் பதிதலும் புகழ் தரும் வேலைகளல்ல. ஆயினும் அவ்வமைதியான ஆண்டுகளில் செய்யப்பட்ட அப்பணியே பின்னர் விலைமதிப்பற்றதாயிற்று.

1989இல் நிலைமை மாறியது. கொழும்பிலும் சூழவுள்ள இடங்களிலும் டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சல் கொள்ளைநோயாக எழுந்தது. அவ்வாண்டில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வடிவத்தால் தாக்குண்டு இருபதின்மர் இறந்தனர். மறு ஆண்டு இறந்தோர் தொகை ஐம்பத்து நான்காக உயர்ந்தது. அவருட் பலர் சிறுவர். அதன் பின்னர் அந்நோய் இலங்கையை விட்டு நீங்கவேயில்லை.

காரணம் யாது? பலவாறு ஊகிக்க இடமுண்டு. நகரம் பெருத்தது, நுளம்பு பெருகியது, ஆகவே நோயும் பெருகியது எனல் ஓர் ஊகம். முன்னில்லாத புதிய வகையொன்று வந்து சேர்ந்தது எனல் மற்றோர் ஊகம். இரண்டாம் முறை நோயுறுவோர் மிகுந்தனர் எனல் மூன்றாவது. இவற்றுள் எது உண்மை எனத் தெரிதற்குப் பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒப்பிட வேண்டும். ஒப்பிடுதற்குப் பழைய நிலையின் பதிவு வேண்டும். கொழும்பில் அது இருந்தது.

1997, 1998ஆம் ஆண்டுகளில் கொழும்பில் மீண்டும் அத்தகைய ஆய்வு நடத்தப்பட்டது. மெசர், விதாரண, சிவானந்தன், கப்ளர், வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரவிந்த டி சில்வா முதலியோர் இரு காலத்து முடிபுகளையும் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டனர். காய்ச்சலோடு வருவோருள் டெங்கு உள்ளோரின் விகிதம் மாறவில்லை. உலவிய வகைகளும் மாறவில்லை. முன்னரும் நான்கு, பின்னரும் நான்கு. அவற்றுள் எது மிகுதி எது குறைவு என்பதிலும் பெரிய வேறுபாடில்லை. ஆகவே நோய்ப்பரவல் கூடியது என்பதோ, புதுவகை வந்தது என்பதோ போதிய விடையன்று. இரண்டாம் முறை நோய் பற்றிய கொள்கையும் தனித்து நின்று இதனை விளக்காது. ஏனெனில் நால்வகையும் உலவி மக்கள் மீண்டும் மீண்டும் நோயுற்ற நிலை 1989க்கு முன்னரே இருந்தது.

எஞ்சியது ஒரே வழி: வைரசையே அணுகி வினவுதல். அறிஞர் பேணிவைக்கப்பட்டிருந்த பழைய வைரசுகளையும், 1989க்குப் பின் கிடைத்தவற்றையும் எடுத்து, மூன்றாம் வகை வைரசின் பரம்பரை எழுத்துகளை வரிசையாகப் படித்தனர். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் பாடவேறுபாடுகளை நோக்கி, எப்பிரதி எதிலிருந்து பிறந்தது எனத் துணிவர். உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் செய்த பணி தமிழ் மாணவர் அறிந்ததே. வைரசும் தன்னைப் படியெடுக்கும்போது பிழை விடுகின்றது. அப்பிழைகள் வழிவழியாகத் தொடர்கின்றன. அவற்றைக் கொண்டு வைரசின் குலமுறையை வகுக்க இயலும்.

அம்முறையால் பெற்ற விடை 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1989க்கு முன்னர் இலங்கையில் இருந்த மூன்றாம் வகை வைரசும், அதற்குப் பின்னர் இருந்த மூன்றாம் வகை வைரசும் ஒரே குலத்தனவாயினும் வெவ்வேறு கிளைகளாகப் பிரிந்து நின்றன. மென்மையான நோய் நிலவிய காலத்தவை ஒரு கிளை. கொடிய நோய் தோன்றிய காலத்தவை மற்றொரு கிளை. பெயரால் ஒன்றாயிருந்த வைரசு உள்ளே மாறியிருந்தது. அன்றியும், அப்புதிய கிளை இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து 1980களில் ஆபிரிக்காவுக்கும், அங்கிருந்து 1990களின் நடுப்பகுதியில் இலத்தீன் அமெரிக்காவுக்கும் சென்றிருத்தல் கூடுமென அக்குலமுறை காட்டியது. கொழும்புக் குழந்தைகளை வருத்திய வைரசும், நிகரகுவாவிற் பரவிய வைரசும் நெருங்கிய உறவினவாயிருந்தன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறல் தகும். இரு நிகழ்ச்சிகள் ஒரே காலத்தில் நிகழ்தல் வேறு. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாதல் வேறு. புதிய கிளையின் தோற்றமும் கொடிய நோயின் தோற்றமும் ஒருங்கு நிகழ்ந்தன என்பதே நிறுவப்பட்டது. வைரசின் பரம்பரை இயல்புக்கு நோயின் கடுமையில் பங்குண்டு என்னும் கருத்தை அது வலியுறுத்துகின்றதேயன்றி, அதுவே முழுக் காரணம் எனக் கூறவில்லை. ஆயினும் 2000ஆம் ஆண்டளவில் அவ்வகையின் வேறொரு கிளை தோன்றியபோதும் நோயாளர் தொகை திடீரென உயர்ந்தது எனப் பின்வந்த ஆய்வு காட்டியது. ஒரு முறை நிகழ்ந்தது தற்செயலாகலாம். இரு முறை நிகழ்ந்ததை அவ்வாறு தள்ளிவிடுதல் எளிதன்று.

2017ஆம் ஆண்டு

புதிய நூற்றாண்டில் நோய் மேலும் பெருகியது. 2009இல் முப்பத்தையாயிரம் பேர் நோயுற்று 346 பேர் இறந்தனர். எட்டு ஆண்டுகளின் பின்னர் நிகழ்ந்ததோ இதற்குமுன் கண்டறியாத பெருங்கேடு.

2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் சித்திரைப் புத்தாண்டு. அன்று பிற்பகல் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து அயலிலிருந்த வீடுகளின் மேல் வீழ்ந்தது. முப்பத்திருவர் மாண்டனர். அதன்பின் கொழும்பின் குப்பையை எங்கே கொண்டு செல்வது என்பதே பெரும் பிரச்சினையாயிற்று. வீதியோரங்களிற் குப்பை தேங்கியது. மே மாத இறுதியில் தென்மேற்கில் பெருமழையும் வெள்ளமும் வந்தன. எறியப்பட்ட தகரப்பேணி, பொலித்தீன் பை, தயிர்ச்சட்டி, பழைய ரயர் ஆகியவற்றிலெல்லாம் மழைநீர் நின்றது. கிழக்கே கிண்ணியாவில் அதற்கு முன்னரே நோய் கடுமையாகப் பரவியிருந்தது. யூலை மாதத்தில் மட்டும் நாடெங்கும் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளும் வேறுபாடின்றிப் பாதிக்கப்படும் இயல்பின. ஏனெனில் ஈடிசு நுளம்பு செல்வர் வறியர் என்னும் பேதம் அறியாது. அவ்வாண்டு முடிவில் நோயாளர் தொகை 186,101, இறந்தோர் 440. அவருட் பலர் மேல் மாகாணத்தவர்.

இம்முறை மேலோங்கியது இரண்டாம் வகை வைரசு. பல ஆண்டுகள் முதலாம் வகையே மிகுந்திருந்த நாட்டில், இரண்டாம் வகையின் புதிய கிளையொன்று பரவியதை ஆய்வாளர் கண்டனர். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் நீலிகா மளவிகே தலைமையில் இயங்கும் குழுவினர் இத்தகைய மாற்றங்களைத் தொடர்ந்து நோக்கிவருகின்றனர். 1989இல் கற்ற பாடம் 2017இல் நோயின் போக்கை விரைவில் உணர்வதற்கு உதவியது. ஆயின் வைரசு மாறியது என்று ஆய்வுக்கூடம் கூறுதல் ஒன்று. நீர் தேங்காது நகரைப் பேணுதல் மற்றொன்று. முன்னது அறிஞர் கடன். பின்னது நகரத்தின் கடன்.

எனினும் இவ்விரு ஆண்டுகளின் எண்களை ஒப்பு நோக்குவார்க்கு ஆறுதல் தரும் ஓர் உண்மை புலப்படும். 2009இல் நோயுற்றோர் நூற்றுவருள் ஒருவர் இறந்தனர். 2017இல் ஏறத்தாழ நானூற்றுவருள் ஒருவரே இறந்தனர். பழைய விகிதமே நிலவியிருப்பின் ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டிருப்பர். டெங்குவுக்கென வைரசைக் கொல்லும் மருந்து அப்போது இல்லை; ஆகவே இம்மாற்றம் மருந்தால் விளைந்ததன்று. காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளை. அப்போது குருதிக்குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து குருதியோட்டம் தளரும். அவ்வேளையை மணிக்கு மணி நோக்கி, நீரை அளவறிந்து ஏற்றினால் உயிர் பிழைக்கும். குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. இவ்வறிவை மருத்துவரும் தாதியரும் நாடெங்கும் பயின்றமையே அவ்வுயிர்களைக் காத்தது.

அறிவின் எல்லையும் பயனும்

வைரசின் இயல்பை அறியாது விரைதலின் கேட்டினை அக்காலத்திலேயே வேறொரு நாடும் கண்டது. 2015இன் இறுதியில் முதன்முதல் அனுமதி பெற்ற டெங்குத் தடுப்பு மருந்து, பிலிப்பைன்சில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றப்பட்டது. முன்னர் டெங்கு வராத பிள்ளைக்கு அம்மருந்து முதல் நோயைப் போலவே அமைந்து, பின்னர் உண்மையான நோய் வரும்போது அதனைக் கடுமையாக்கக்கூடும் என்பது 2017 நவம்பரில் வெளிப்பட்டது. ஹோல்ஸ்டெட் பாங்கொக்கில் கண்டதும், பீரிஸ் ஒக்ஸ்போட்டில் காட்டியதும் இதுவேயன்றோ? நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டிற் கண்ட உண்மை, இலட்சக்கணக்கான பெற்றோரின் அச்சமாக மீண்டு வந்தது. தூய ஆராய்ச்சியாற் பயனென்ன என வினவுவோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க உண்மை ஒன்றுண்டு. கொள்ளைநோய் வந்த பின்னர் எல்லோரும் ஆராய்ச்சியை வேண்டுவர். பொருளும் ஆளும் அப்போது கிடைக்கும். ஆயின் கொள்ளைநோயின் காரணத்தைக் காட்டியது அது வருமுன் சேர்த்துவைக்கப்பட்ட பொருளே. 1980களின் தொடக்கத்தில், எவரும் இறவாத காய்ச்சலின் குருதியை எடுத்துப் பேணியோர் இலரேல், 1989இன் புதிர் இன்றும் புதிராகவே இருந்திருக்கும். பழைய சுவடியைச் செல்லரிக்க விட்டபின் பாடம் ஓதுவார் இலர். அமைதியான ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்தைப் பேணாத நாடு, நெருக்கடி வந்த நாளில் ஒப்பிடுதற்கு எதுவுமின்றித் திகைக்கும்.

மலேரியா நுளம்பு ஆற்றுப் பள்ளங்களிலும் வயல்வெளிகளிலும் பிறந்தது. அதனைத் தேடி அரசாங்கம் காட்டுக்குச் செல்லவேண்டியிருந்தது. டெங்கு நுளம்போ வீட்டு முற்றத்திலே பிறக்கின்றது. பூச்சாடியின் கீழ்த்தட்டிலும், கூரைப் பீலியிலும், கவிழ்க்க மறந்த வாளியிலும் அதன் முட்டைகள் நீரின்றியும் பல திங்கள் உயிரோடிருந்து, முதல் மழையிற் பொரிக்கும். ஆகவே பொரளையில் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருக்கும் அறிஞரின் வேலையும், ஒருகொடவத்தையில் மழை ஓய்ந்ததும் முற்றத்துச் சிரட்டையைக் கவிழ்த்துவைக்கும் இல்லத்தாளின் வேலையும் ஒரே போரின் இரு முனைகளாகும். ஒன்றையொன்று அறிந்து துணை செய்யும் நாளே அப்போரில் வெற்றி காணும் நாள்.